கிராண்ட் டூர் வெண்கலச் சிலை வாங்கப் போகிறீர்களா? ஆவணத்திலிருந்து ஆரம்பியுங்கள்

எரிமலையில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பேயியின் ஆடும் ஃபான் (கொம்பும் வாலும் கொண்ட வனதேவன்), நார்சிசஸ், உட்கார்ந்திருக்கும் மெர்குரி, கையில் பாம்பைப் பிடித்த சிலீனஸ். இத்தாலியின் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தக் கிரேக்க, ரோமானியப் புராணச் சிலைகளை அச்சு அசலாகச் சின்ன அளவில் வெண்கலத்தில் வார்த்து, 19ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்கு வந்த பயணிகளுக்கு விற்றார்கள். அந்த நினைவுப் பொருள்களுக்கே இன்று நூறு, நூற்றைம்பது வயது ஆகிவிட்டது. ஐரோப்பியச் செல்வந்தர்கள் போன அந்த நெடும் பயணத்தின் பெயரால் வாங்குபவர்கள் இவற்றை கிராண்ட் டூர் வெண்கலம் என்கிறார்கள். ஐரோப்பிய ஏலங்களில் சில நூறு யூரோவிலிருந்தே கிடைக்கும்.

சிலையைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலை இல்லை. அதைச் சரியான ரசீதோடு வாங்கி, இத்தாலியை விட்டு வெளியே எடுத்து, இன்னொரு நாட்டின் சுங்கத்தைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டு வருவதில்தான் நான் அல்லாடினேன். ஏலக்காரர் ஒன்று சொல்வார், பார்சல்காரர் வேறு சொல்வார், சுங்க அதிகாரி மூன்றாவதாக ஒன்று கேட்பார். முழுதாக ஒரே இடத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சிலைக்கு நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். இது நூறு வருஷத்துக்கு மேல் பழையது. ஆனால் இரண்டாயிரம் வருஷத்துத் தொல்பொருள் அல்ல. முதலாவதை நிரூபிக்காவிட்டால் சாதாரண அலங்காரப் பொருளாகக் கணக்கிட்டு வரி போடுவார்கள். இரண்டாவதை நிரூபிக்காவிட்டால் மண்ணைத் தோண்டி எடுத்த திருட்டுச் சிலையோ என்று நிறுத்தி வைப்பார்கள். கீழே சொல்கிற எல்லா ஆவணமும் இந்த இரண்டுக்காகத்தான்.

1. முதலில் உலோகத்தைப் பாருங்கள்

சந்தையில் மூன்று வகை கலந்து கிடக்கும்: நிஜ வெண்கலம், துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே வெண்கல நிறம் ஏற்றியது, பிசினில் வெண்கலத் தூளைக் கலந்து ஊற்றியது. கடைசி வகை சமீபத்தியது. கையில் எடுத்தாலே எடை குறைவாக இருக்கும், உலோகத்துக்குரிய சில்லிப்பும் இருக்காது.

துத்தநாகம்தான் ஏமாற்றும். அதுவும் கனமாகவே இருக்கும். பீடத்தின் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் பழைய கீறலோ தேய்ந்த விளிம்போ இருக்கிறதா என்று தேடுங்கள். உள்ளே மஞ்சளாக மின்னினால் வெண்கலம் அல்லது பித்தளை. வெள்ளையாக, சாம்பல் நிறமாக இருந்தால் துத்தநாகம். விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் கணீரென்று கொஞ்ச நேரம் ஒலிக்கும், துத்தநாகம் சட்டென்று அடங்கிவிடும். நேரில் போக முடியாவிட்டால் அடிப்பக்கப் புகைப்படமும் துல்லியமான எடையும் கேளுங்கள். அடிப்பக்கப் படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

2. அப்புறம் வயது

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். அசல் நேப்பிள்ஸ் வார்ப்பை அச்சாக வைத்து அடுத்தடுத்து வார்த்த பிரதிகள் ஏராளம். அவையும் வெண்கலம்தான், அழகாகவும் இருக்கும், ஆனால் விலை வேறு, சுங்கத்தில் நிலைமையும் வேறு.

அளவை எடுத்துப் பாருங்கள். உருகிய வெண்கலம் ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை சுருங்கும். ஒரு வார்ப்பிலிருந்தே அச்சு எடுத்து மறுபடி வார்த்தால், அந்தப் பிரதி முந்தையதைவிட அந்த அளவுக்குச் சிறியதாகிவிடும். அறுபது சென்டிமீட்டர் சிலை என்றால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறையும். அதே சிலையின் நம்பகமான பழைய பிரதிகள் முந்தைய ஏலங்களில் என்ன உயரம் என்று தேடி ஒப்பிடுங்கள். பீடத்தோடு எடுத்த உயரமா, பீடம் இல்லாத உயரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நுணுக்கம். நார்சிசஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பேயியில் 1862இல் கிடைத்து இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உண்மையில் அது மதுவின் தெய்வமான பாக்கஸாக இருக்கலாம் என்றுதான் அறிஞர்கள் இப்போது சொல்கிறார்கள், ஆனாலும் ஏலப் பட்டியலில் நார்சிசஸ் என்றே தேடுங்கள். தோளில் ஆட்டுத்தோல், காலில் வேலைப்பாடு மிகுந்த பாதணி, உயர்த்திய ஆள்காட்டி விரல். நல்ல பழைய வார்ப்பில் அந்தப் பாதணியின் வார் ஒவ்வொன்றும் தனித்தனியாக, உளி போட்டுத் திருத்திய கூர்மையோடு நிற்கும். கால் விரல்களுக்கு நடுவே பள்ளம் ஆழமாக இருக்கும். மறுவார்ப்பில் வார்கள் கரைந்து காலோடு காலாக ஒட்டிப் போயிருக்கும், ஆட்டுத்தோலின் மயிர் வழுவழுப்பாகியிருக்கும். ஆடும் ஃபானில் முதுகுக்குக் கீழே உள்ள குட்டி வாலையும் தலையில் உள்ள சின்னக் கொம்புகளையும் பாருங்கள். மறுவார்ப்பில் முதலில் மங்குவது அவைதான்.

முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நேப்பிள்ஸில் ஜார்ஜியோ சொம்மர், கியுராஸ்ஸி, சபாட்டினோ டி ஆஞ்ஜெலிஸ், ரோமில் நெல்லி, பாரிஸில் பார்பெதியேன் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். பார்பெதியேன் வார்ப்புகளில் கோலாஸ் என்பவரின் அளவுகுறைப்பு இயந்திரத்தைக் குறிக்கும் வட்ட முத்திரையும் இருக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, கியுராஸ்ஸி வார்ப்பகம் 1870இல் தொடங்கி இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து வார்த்தது. அதனால் அந்தப் பெயர் இருப்பதாலேயே சிலைக்கு நூறு வயது ஆகிவிடாது. முத்திரையே இல்லாத நல்ல பழைய வார்ப்புகளும் நிறைய உண்டு. பீடத்தில் ஆங்கிலத்தில் ‘மேட் இன் இட்டலி’ என்று இருந்தால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டு.

திருகாணிகளையும் பாருங்கள். கூட்டல் குறி வடிவத் தலை கொண்ட ஃபிலிப்ஸ் திருகாணி 1930களில் வந்தது. அது மட்டும் பிற்காலத்தில் மாற்றியதாகவும் இருக்கலாம். ஆனால் திருகாணியும் புதிது, உள்பக்கமும் பளபளப்பு, இணைப்புகளில் நவீன வெல்டிங் தடயமும் இருக்கிறது என்றால் விலகிவிடுங்கள்.

பச்சை நிறத்தைப் பார்த்து வயதை முடிவு செய்யாதீர்கள். நேப்பிள்ஸ் வார்ப்பகங்கள் பச்சைக் களிம்பேறியது போன்ற பாம்பேயி நிறம், கரும்பச்சையான ஹெர்குலேனியம் நிறம், பழுப்பான பளபளப்பு நிறம் என்று கேட்டபடி மேல்நிறம் ஏற்றிக் கொடுத்தன. அந்தப் பச்சை அன்றைக்கே ரசாயனத்தால் போட்டது.

3. ஏலக் குறிப்பில் ஒவ்வொரு சொல்லையும் படியுங்கள்

‘கிராண்ட் டூர் வெண்கலம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி’ என்று எழுதியிருந்தால் ஏல நிறுவனம் காலத்துக்குப் பொறுப்பேற்கிறது. ‘கிராண்ட் டூர் பாணியில்’ என்றால் பொறுப்பேற்கவில்லை, புதியதாகவே இருக்கலாம். ‘19-20ஆம் நூற்றாண்டு’ என்றால் அவர்களுக்கே உறுதியில்லை, உங்களுக்கும் சுங்கத்தில் பயன்படாது. இத்தாலியப் பட்டியல்களில் ‘டால் அன்டிகோ’ என்று வருவது பழஞ்சிற்பத்தைப் பார்த்துச் செய்தது என்ற பொருளில்தான். அதைப் பழம்பொருள் என்று படித்துவிடக் கூடாது.

ஏலத்துக்கு முன்பே நிலை அறிக்கை கேளுங்கள். இலவசமாகவே தருவார்கள். பழுது பார்த்த இடம், மாற்றிய பீடம், விரல் ஒட்டியது எல்லாம் அதில்தான் வரும். கூடவே இன்னொரு ஐந்து நிமிட வேலை: இன்டர்போலின் ஐடி-ஆர்ட் செயலியிலும், இத்தாலியக் கராபினியேரி காவல்துறையின் திருட்டுக் கலைப்பொருள் தரவுத்தளத்திலும் தேடி, முடிவைப் படமெடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

4. கேட்கப் போகும் விலை கட்டப் போகும் விலை அல்ல

ஏலம் படிந்த விலைக்கு மேலே கமிஷன், கமிஷனுக்கு வாட், இணையதளம் வழியாகக் கேட்டால் அதற்கொரு கட்டணம், பேக்கிங், போக்குவரத்து, காப்பீடு, கடைசியில் உங்கள் நாட்டு வரி. கமிஷன் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம்.

கணக்குக்காக ஒன்று பார்ப்போம். 1,000 யூரோவுக்குப் படிந்தது, கமிஷன் 25 சதவீதம், அந்தக் கமிஷனுக்கு வாட் 22 சதவீதம், இணையக் கட்டணம் 3 சதவீதம் என்றால்: 1,000 + 250 + 55 + 30 = 1,335 யூரோ. இன்னும் சிலை ஏலக்கூடத்தை விட்டு நகரவே இல்லை. அதனால் உங்கள் மொத்தப் பணத்தை முதலில் முடிவு செய்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எவ்வளவு வரை கேட்கலாம் என்று எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வாட் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய வியாபாரிகள் பழம்பொருளை மார்ஜின் முறையிலும், அதாவது தங்கள் லாபத்துக்கு மட்டும் வாட் கட்டும் முறையிலும், விற்கலாம். அப்படி விற்றால் ரசீதில் வாட் தனியாகத் தெரியாது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் பயணி விமான நிலையத்தில் கேட்கும் வரித் திரும்பப்பெறுதலும் கிடைக்காது. சாதாரண முறையில் விற்றால் இத்தாலியில் 2025 ஜூலை 1 முதல் கலைப்பொருள்களுக்கும் பழம்பொருள்களுக்கும் வாட் 5 சதவீதம்தான். எந்த முறையில் விற்கிறார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு மாற்ற மாட்டார்கள்.

5. ரசீதில் என்ன எழுத வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ‘வெண்கலச் சிலை, 1’ என்று மட்டும் எழுதிய ரசீதால் ஒரு பயனும் இல்லை. ‘ரோமானிய ஃபான் சிலை’ என்று எழுதியிருந்தால் அதைவிட மோசம், நீங்களே வலியப் போய்த் தொல்பொருள் என்று அறிவித்தது போலாகிவிடும்.

இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: ‘பாம்பேயியின் ஆடும் ஃபான் சிற்பத்தைப் பார்த்து வார்த்த சிறிய அளவு வெண்கலப் பிரதி, நேப்பிள்ஸ், சுமார் 1880, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது, தொல்லியல் பொருள் அல்ல.’ அதன் கீழே பீடம் இல்லாமல் உயரம், எடை, முத்திரை இருந்தால் அதில் உள்ள எழுத்து, பீடத்தின் பொருள். ஏல எண், ஏலத் தேதி, விற்றவரின் முழு முகவரி, படிந்த விலையும் கமிஷனும் தனித்தனியாக. காலத்தை ரசீதில் எழுத மறுத்தால் தனித்தாளில் கையெழுத்தோடு விவரச் சான்றிதழ் கேளுங்கள். ஏலப் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள், ஏலம் முடிந்த சில மாதங்களில் இணையத்திலிருந்து காணாமல் போனாலும் போகும்.

இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்பது நல்லது. ரசீது ஒரு முறை வெளியாகிவிட்டால் திருத்தித் தர வாரக்கணக்கில் இழுக்கிறார்கள்.

6. இத்தாலியை விட்டு வெளியே எடுக்க

பலர் சறுக்கும் இடம் இது. ‘பிரான்சுக்குத்தானே போகிறது, ஒன்றியத்துக்குள்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். இத்தாலியின் கலைச் சொத்துச் சட்டம் அந்த நாட்டு எல்லையைத் தாண்டும் எதற்கும் பொருந்தும், ஜெர்மனிக்குப் போனாலும்தான்.

2017இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நடைமுறை இதுதான். செய்தவர் உயிரோடு இல்லாமல், பொருளுக்கு 70 வருஷத்துக்கு மேல் ஆகி, மதிப்பு 13,500 யூரோவுக்குக் கீழே இருந்தால் உரிமம் வேண்டியதில்லை, சுய அறிவிப்பு போதும். கிராண்ட் டூர் வெண்கலங்களில் பெரும்பாலானவை இதில் அடங்கிவிடும். அறிவிப்பைக் கலாசார அமைச்சகத்தின் ஏற்றுமதி அலுவலகத்துக்கு இணையம் வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். ரோம், ஃபிளாரன்ஸ், மிலான், நேப்பிள்ஸ் போன்ற ஊர்களில் இந்த அலுவலகங்கள் உள்ளன. நீங்களே செய்யலாம், ஆனால் படிவம் இத்தாலிய மொழியில் இருப்பதால் ஏலக்கூடத்துக்கோ போக்குவரத்து நிறுவனத்துக்கோ அதிகாரம் கொடுத்துச் செய்யச் சொல்வதே எளிது. கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு பக்கப் படங்கள், அடிப்பக்கப் படம், ரசீது, அடையாள ஆவண நகல் தயாராக இருக்கட்டும்.

இந்தச் சலுகை தொல்லியல் பொருளுக்குக் கிடையாது. ‘தொல்லியல் பொருள் அல்ல’ என்ற வரியை ரசீதில் எழுதச் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

மதிப்பு 13,500 யூரோவைத் தாண்டினால் சுதந்திரப் போக்குவரத்துச் சான்றிதழ் தேவை. சிலையையே அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சட்டப்படி 40 நாள் கெடு, ஆனால் அதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். மறுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முதல் முறை வாங்குகிறவர்கள் இந்த எல்லைக்குக் கீழேயே நின்றுகொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

7. பேக்கிங்கும் போக்குவரத்தும்

பளிங்குப் பீடம் இருந்தால் அடியில் உள்ள திருகாணியைக் கழற்றித் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். வெண்கலம் தாங்கும், சேர்ந்தே போனால் பளிங்குதான் உடையும். குமிழி பிளாஸ்டிக்கை நேரடியாக வெண்கலத்தின் மேல் சுற்றக் கூடாது. வெயிலில் சூடானால் மெழுகுப் பூச்சில் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும். முதலில் அமிலமில்லாத மெல்லிய காகிதம், அதன் மேல்தான் பிளாஸ்டிக்.

மரப்பெட்டியில் ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பினால், மரத்தில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். பூச்சி தாக்காமல் பதப்படுத்தியதற்கான அடையாளம் அது. அது இல்லாததால் பெட்டியை மட்டும் துறைமுகத்தில் தடுத்து நிறுத்துவது சாதாரணமாக நடக்கிறது.

பல கூரியர் சேவைகள் பழம்பொருளை ஏற்றிக்கொள்ளும், ஆனால் உடைந்தால் இழப்பீடு தராது. நிபந்தனைகளில் ‘கலைப்பொருள்’, ‘பழம்பொருள்’ என்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். கையோடு கொண்டு வருவதானால் கேபின் பையில் வைக்காதீர்கள், கனமான உலோகப் பொருள் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இறங்கியதும் சிவப்பு வழியில் போய் அறிவித்துவிடுங்கள்.

8. சுங்கம்: எந்த எண்ணில் அறிவிப்பது

உலகம் முழுக்கப் பொதுவான சுங்க வகைப்பாட்டில் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு 9706. சாதாரண உலோக அலங்காரச் சிலைக்கு 8306. வரி விகிதம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பல நாடுகளில் 9706க்குத்தான் சலுகை. பார்சல்காரர்கள் எதுவும் கேட்காமல் 8306 என்று போட்டுவிடுவார்கள். அனுப்பும் முன்பே ‘9706இல் அறிவியுங்கள், வயதுச் சான்று இணைத்திருக்கிறேன்’ என்று எழுதிவிடுங்கள். வரி கட்டியபின் வகைப்பாட்டை மாற்றக் கோரி அலைவது பெரும்பாடு.

9703 என்ற எண்ணையும் சிலர் சொல்வார்கள். அது அசல் சிற்பங்களுக்கானது. வணிகமாகப் பல பிரதிகள் வார்த்த நினைவுப் பொருளை அதில் அறிவித்தால் கேள்வி வரும்.

லண்டன் போன்ற இடத்தில் வாங்கி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு வருகிறீர்களா? 2025 ஜூன் 28 முதல் கலாசாரப் பொருள் இறக்குமதி விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒன்றியத்துக்கு வெளியே உருவான அல்லது கண்டெடுத்த பொருள்களுக்கே அவை பொருந்தும். நேப்பிள்ஸில் வார்த்தது அதில் வராது, ஆனால் நேப்பிள்ஸில் வார்த்தது என்று தாளில் இருக்க வேண்டும். ரசீதில் ஊர்ப் பெயர் கேட்டது இதற்காகவும்தான்.

சுங்கத்தில் ஒப்படைக்க ஒரு கோப்பு போதும்: ரசீது, விவரச் சான்றிதழ், ஏலப் பட்டியல் பக்கம், இத்தாலிய அறிவிப்பின் நகல், படங்கள், திருட்டுப் பட்டியல் தேடலின் நகல். மேலே அரைப்பக்கக் கடிதம் ஒன்று வையுங்கள். அதன் முதல் வரியிலேயே ‘19ஆம் நூற்றாண்டுப் பிரதி’ என்பது வரட்டும், அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலச் சிலையின் படத்தையும் பக்கத்தில் ஒட்டுங்கள். மூலம் பத்திரமாக நேப்பிள்ஸில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்ததும் அதிகாரியின் சந்தேகம் பாதி குறைந்துவிடும்.

9. வீட்டுக்கு வந்தபின்

பாலிஷ் போடாதீர்கள். பித்தளை விளக்கு துலக்குவது போலத் துலக்கினால் பழைய மேல்நிறம் போய்விடும், அதோடு விலையும் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். தேவைப்பட்டால் நுண்படிக மெழுகு லேசாக.

வெளிர் பச்சை நிறத்தில் பொடிபோல உதிரும் புள்ளிகள் தென்பட்டால் அது மேல்நிறம் அல்ல, குளோரைடு அரிப்பு. ஈரப்பதம் இருந்தால் தின்றுகொண்டே போகும். சிலையை உடனே வறண்ட இடத்துக்கு மாற்றி, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். வந்த அன்றே எல்லாப் பக்கமும் படமெடுத்து வைத்திருந்தால், அந்தப் புள்ளி முன்பே இருந்ததா புதிதா என்று ஒப்பிடலாம். போக்குவரத்தில் சேதம் என்று காப்பீடு கேட்பதற்கும் அந்தப் படங்கள்தான் சாட்சி. சேதத்தைத் தெரிவிக்கக் கொடுக்கும் கெடு சில நாள்கள்தான் இருக்கும், அதனால் பெட்டியை வந்த அன்றே பிரித்துவிடுங்கள்.